வெங்காயப் பாட்டுக்கு ஒரு குரல்

என் அலமாரியின் மேல்தட்டில், பைபிளுக்குப் பக்கத்தில், ஒரு பழைய ஹெட்செட் இருக்கிறது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் பெண்கள் தலையில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களே, அந்த வகை. தலைக்கு மேல் வளையும் இரும்புப் பட்டை, ஒரு காதுக்கு மட்டும் கறுப்பு மூடி, கழுத்தில் தொங்கும் தகட்டிலிருந்து வாய்க்கு நேரே எழும்பி நிற்கும் ஒரு கொம்பு. மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தால் நமக்கே சிரிப்பு வரும். பழைய போர்டுகளைக் கழற்றி முற்றத்தில் குவித்த அன்று, இதை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். காது மூடியின் ஓரத்தில் மெல்லிய விரிசல் ஒன்று ஓடுகிறது. இது என்னுடையது இல்லை. மூன்றாம் போர்டு அக்காவினுடையது. அந்த விரிசல் விழுந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

போன மாதம் என் தங்கை மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். சாப்பிட்டு முடித்து, எனக்குப் பொழுது போகட்டும் என்று நினைத்தானோ என்னவோ, கைபேசியை எடுத்து ஒரு வித்தை காட்டினான். எப்போதோ இறந்துபோன சினிமாப் பாடகர் ஒருவர், எங்கள் ஊர் நாசரேத்தின் கிறிஸ்தவக் கோயிலில் பாடும் கீர்த்தனையை அதில் உருக்கமாகப் பாடிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் தன் வாழ்நாளில் கோயில் வாசலை மிதித்திருப்பாரா என்பதே சந்தேகம். “இப்ப யார் குரல்லயும் எந்தப் பாட்டையும் பாட வச்சிரலாம் பெரியம்மா. அவங்க கொஞ்ச நேரம் பேசின ரெக்கார்டிங் இருந்தா போதும். உங்களுக்கு யார் குரல் வேணும்?” என்று கேட்டான். இந்த வித்தையை நாங்கள் இரண்டு பேர் எழுபதுகளிலேயே, கரண்ட் செலவில்லாமல், வெறும் வாயால் செய்துகொண்டிருந்தோம் என்று அவனிடம் எப்படிச் சொல்வது? எனக்கு வேண்டிய குரல் எந்தக் கருவியிலும் பதிவாகவில்லை என்பதையும் சொல்லவில்லை. பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டேன்.

தூத்துக்குடி எக்ஸ்சேஞ்சில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது புதுத் துறைமுகத்துக்குக் கல் கொட்டும் வேலை முடிந்து, பெரிய கப்பல்கள் நேரே கரைக்கு வரத் தொடங்கியிருந்தன. ஊரில் எல்லோரும் வெளியூரில் யாரோ ஒருவருக்கு ட்ரங்க் கால் போட்டுக்கொண்டே இருந்தார்கள். உப்புக்காரர்கள், கப்பல் ஏஜெண்டுகள், இறால் ஏற்றுமதிக்காரர்கள், வெங்காயத் தோணிக்காரர்கள். எங்கள் வேலை அவர்களைச் சேர்த்து வைப்பது. போர்டில் விளக்கு எரியும். வயரைச் செருகி “நம்பர் ப்ளீஸ்” என்போம். வெளியூர் லைன் கிடைக்க நேரமானால் “லைனில் இருங்கள்” என்போம். கிடைத்ததும் “பேசுங்கள்”. இந்த மூன்று பேச்சுக்கு மேல் போன் பேசுகிற பார்ட்டியிடம் ஒரு சொல் பேசக் கூடாது. பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்ததே அதுதான். நாள் முழுக்க ஊரே காதுக்குள் பேசும். கல்யாணம் பேசும், சண்டை பேசும், சாவு சொல்லும். அதில் ஒரு வார்த்தைகூட எனக்கானது இல்லை. சாயங்காலம் ஹாஸ்டல் அறைக்குத் திரும்பினால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். நாசரேத்தில் அண்ணன் தங்கைகளோடு நெரிபட்டு வளர்ந்தவளுக்கு அந்த அமைதி பிடிபடவே இல்லை. சில நாள் யாருமில்லாத அறையில் “நம்பர் ப்ளீஸ்” என்று சொல்லிப் பார்த்துக்கொண்டது உண்டு.

எனக்குப் பக்கத்து இருக்கை மூன்றாம் போர்டு அக்கா. திருச்செந்தூருக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரான ஆலந்தலைக்காரர். முப்பதைத் தாண்டிய வயது, ஒடிசலான உடம்பு, கழுத்தில் சிலுவை கோத்த தாலி, எப்போதும் அடர்ந்த நிறத்தில் சேலை. அவருக்கு இரண்டு குரல்கள் இருந்தன. பார்ட்டியிடம் பேசும்போது ரேடியோவில் செய்தி வாசிப்பது போல ஒரு நேர்த்தியான குரல். திரும்பி என்னிடம் பேசினால் சுத்தமான ஆலந்தலைக் கடற்கரைப் பேச்சு, என்னை ‘ஏளா’ என்றுதான் கூப்பிடுவார். அவருடைய கணவர் தோணியில் போகிறவர் என்று மட்டும் மற்றவர்கள் சொல்லியிருந்தார்கள். சொன்னவர்கள் அதற்கு மேல் பேச்சை மாற்றிக்கொண்டார்கள். நானும் கேட்கவில்லை. ஹாஸ்டல் கேட் மூடும் நேரத்தைப் பற்றியும் கேன்டீன் வடையைப் பற்றியும் பேசினோம்.

விளையாட்டைத் தொடங்கியது நான்தான். ஒரு மத்தியானம் சென்னை லைன் அடியோடு விழுந்துவிட்டது. போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. மேலே காற்றாடி கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாமல், “அக்கா, நம்ம உப்பு முதலாளி தாலாட்டுப் பாடினா எப்படி இருக்கும்?” என்றேன். உப்பு முதலாளி எங்கள் போர்டுகளுக்கே சிம்மசொப்பனம். வாழ்நாளெல்லாம் உப்பளத்தின் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்குக் கத்தியே பழகியவர். டெலிபோனிலும், வயரை நம்பாமல், சென்னைக்கு நேரடியாகவே கேட்கட்டும் என்று பேசுவார். அக்கா சிரிக்கவில்லை. பரீட்சைக் கேள்விக்கு யோசிப்பது போல யோசித்தார். “பிள்ள தூங்காது ஏளா. ஆனா பயந்துபோயி மூச்சுக் காட்டாம கெடக்கும். பெத்தவ தூங்கிட்டுன்னு நெனச்சிக்கிடுவா” என்றார். அதன்பிறகு விளக்கு எரிந்தும், சிரிப்பில் என்னால் கொஞ்ச நேரம் எந்த நம்பரும் கேட்க முடியவில்லை.

அன்று முதல் ஊரில் டெலிபோன் வைத்திருந்த அத்தனை பேரும் எங்கள் கச்சேரியில் பாடினார்கள். முத்துக்குளிப்பு நின்றுபோன பிறகும் முத்து வியாபாரத்தை நிறுத்தாத ஒருவர் இருந்தார். ஒவ்வொரு சொல்லையும் உள்ளங்கையில் மறைத்துக் காட்டுவது போல, காதோடு காதாகத்தான் பேசுவார். அவருக்குத் தோணி இழுக்கும் பாட்டைக் கொடுத்தேன். “அவரு ஐலசா சொன்னா எல்லாவனும் கயித்தக் கீழ போட்டுட்டு, என்ன சொல்லுதாருன்னு கேக்கப் பக்கத்துல போயிருவான்” என்றார் அக்கா. மீன் ஏலம் கூறுகிறவருக்குப் பெரிய வெள்ளிக்கிழமை ஒப்பாரியை அக்காவே கொடுத்தார். அவர் பாடினால் ஒவ்வொரு அடிக்கும் துக்கம் ஏறிக்கொண்டே போகும், கூட்டத்தில் யாராவது போதும் என்று கையைத் தூக்கும்வரை நிற்காது என்று இருவரும் முடிவு செய்தோம். ஒரு லேடி டாக்டர் கல்யாண வாழ்த்துப் பாடினார். காலையில் ஒரு அடி, ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் ஒரு அடி. ஐஸ் கம்பெனி மேனேஜர் என்று ஒருவர். கயத்தாற்றுப் பக்கத்து ஆள், கடலையே இங்கு வந்துதான் பார்த்தவர். ஐஸ் கட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கு நிரந்தரமாக மூக்கடைப்பு. கெட்டில் கொதிக்கிற மாதிரி மெல்லிய குரல். அவரைக் கோயில் பாடகர் குழுவில், அடித்தொண்டையில் பாடுகிற ஆண்களின் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தோம். முகம் தெரியாதவர்கள்தான் பாடலாம். யாரையாவது கடைத்தெருவில் பார்த்து, இவர்தான் இன்னார் என்று தெரிந்துவிட்டால், அவர் அன்றோடு கச்சேரியிலிருந்து நீக்கம். அக்காதான் இதில் கண்டிப்பு. “மொகத்தப் பாத்துட்டா சத்தம் கெட்டுப்போவும்” என்பார். அப்போது அது எனக்கு விளையாட்டுக்காகச் சொன்னதாகத்தான் பட்டது. ஹாஸ்டல் அறையில் தனியாக இருக்கும்போதும் மறுநாளைக்கு யாரை எதைப் பாட வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். அந்த ஊரில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

பிறகு ஒரு நாள் அக்கா புதிதாக ஒரு பாட்டைக் கொண்டு வந்தார். நான் அதுவரை எங்கும் கேட்டிராத பாட்டு. நாலே வரி.

வெங்காயம் ஏத்துறவன் நானு,
கண்ணு கலங்குறவ நீயா?
காத்து திரும்புற மட்டும்
கரையில சிரிச்சிரு தாயே.

“இத உப்பு முதலாளி பாடினா?” என்றார். நான் பாடிக் காட்டினேன். இல்லை என்று தலையை ஆட்டினார். “முத்துக்காரரு?” பாடினேன். “ஏலக்காரரு?” அதையும் செய்தேன். மற்ற பாட்டுகளுக்குச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறவர், இதற்குச் சிரிக்கவே இல்லை. ஒவ்வொன்றையும் கேட்டு, “இல்ல”, “இதுவும் இல்ல” என்றார், வளையல் கடையில் அளவு பார்க்கிறவரைப் போல. அடுத்த நாளும் அதே பாட்டு. அதற்கடுத்த நாளும் அதே. உப்பு முதலாளி ரொம்பச் சத்தம், ஏலக்காரர் ரொம்ப வேகம். எனக்கு அலுத்துவிட்டது. “என்னக்கா இது, வேற பாட்டே கிடையாதா?” என்று கேட்டுவிட்டேன்.

சாப்பாட்டு அறையின் பின்ஜன்னலில் நின்றால் பழைய துறைமுகத்துத் தோணிகளின் பாய்மரங்கள் தெரியும். அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் பார்த்தபடி சொன்னார். அவருடைய கணவர் கொழும்புக்கு வெங்காயம் கொண்டுபோகும் தோணியில் வேலை செய்தவர். அந்தப் பாட்டு அவர் தானே கட்டியது. ஒவ்வொரு முறை புறப்படும்போதும் அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, அழுகிற மனைவியைக் கேலி செய்து பாடுவாராம். ஒரு ஐப்பசியில் போன தோணி கொழும்புக்கும் போய்ச் சேரவில்லை, இங்கும் திரும்பவில்லை. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. அது நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன.

“அவுக சத்தம் எனக்கு மறந்துட்டு ஏளா” என்றார். “மொகத்துக்குப் போட்டோ இருக்கு. பெட்டியத் தொறந்தா சட்டை இருக்கு, அதுல வாடை இருக்கு. சத்தத்துக்கு ஒண்ணும் இல்ல. இந்த ஊர்ல தும்முனாக்கூட இன்னாருன்னு நான் சொல்லிருவேன். அவுக சத்தம் மட்டும் வரமாட்டேங்கு. பாட்டு வருது, ராகம் வருது. ஆனா நான் பாடுத மாதிரியேதான் வருது.”

ஆலந்தலையில் மாமியார் படுத்த படுக்கையாகிவிட்டார். கண்ணை மூடுவதற்குள் மகன் பேரைச் சொல்லி மரித்தவர்களுக்கான பூசை ஒன்று கேட்டுவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. வருகிற நவம்பரில், இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாளுக்காவது வைக்கலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மருமகள் சரி என்று சொல்லாமல் வைக்கவும் அவருக்கு மனம் வரவில்லை. “போயிட்டாகன்னு எனக்குத் தெரியாமலா இருக்கு?” என்றார் அக்கா. “நான் ஒண்ணும் கிறுக்கி இல்ல. ஆனா ஒரு வாட்டி அந்தச் சத்தத்தக் கேட்டுட்டு அனுப்பணும். சத்தம்கூட ஞாபகமில்லாத ஆள எப்படி அனுப்ப? யாரையோ அனுப்புத மாதிரில்லா இருக்கும்?” மாமியாரிடம் இதைச் சொல்லவும் முடியாது. மகனுடைய குரலை மறந்துவிட்டேன் என்று எந்த மருமகள் போய்ச் சொல்வாள்?

அதன் பிறகு நான் அலுத்துக்கொள்ளவில்லை. கல்லறைத் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. புதுக் குரல் ஏதாவது லைனில் வந்தால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டு, அந்தக் குரலில் வெங்காயப் பாட்டைப் பாடிக் காட்டுவேன். லாரி ஆபீஸ்காரர், ஹார்பர் என்ஜினீயர், ஊருக்குப் புதிதாக வந்த பாதிரியார் ஒருவர். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். “இல்ல” என்பார். அந்த “இல்ல” நாளாக நாளாக மெலிந்துகொண்டே வந்தது.

இங்கே போர்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு வயர் ஜோடிக்கும் முன்னால் சுவிட்ச் போல ஒரு சின்னச் சாவி இருக்கும். அதை முன்னே தள்ளினால் நாம் பேசுவது பார்ட்டியின் காதில் விழும். நடுவுக்குக் கொண்டுவந்தால் விழாது. “லைனில் இருங்கள்” என்று சொன்ன கையோடு சாவியை நடுவுக்கு இழுத்துவிட வேண்டும். மூச்சு விடுவது போல, யோசிக்காமல் நடக்கிற காரியம் அது. அக்கா போன்ற பழைய ஆபரேட்டர்கள் அதில் தவறவே மாட்டார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு முற்பகல். ஐஸ் கம்பெனி மேனேஜர் வழக்கம்போல் கொச்சிக்குக் கால் போட்டிருந்தார். கொச்சி லைன் கிடைக்கவில்லை. “லைனில் இருங்கள்” என்று சொல்லிவிட்டு அக்கா என் பக்கம் திரும்பினார். “ஐஸ் கம்பெனிக்காரர் குரல்ல இன்னும் பாடிப் பார்க்கலையே அக்கா” என்றேன். “அந்தச் சளிமூக்கரா?” என்று அலுத்துக்கொண்டே, மூக்கைப் பிடித்துக்கொண்டு, கெட்டில் குரலில் “வெங்காயம் ஏத்துறவன் நானு” என்று அக்காவே பாடிக் காட்டினார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். திடீரென்று அக்காவின் முகம் மாறியது. கையைக் காட்டி என்னை அழைத்தார். புதிதாக வேலை பழகுகிறவர்கள் கேட்பதற்கென்று ஒவ்வொரு போர்டிலும் இன்னொரு ஹெட்செட் செருகும் துளை உண்டு. என்னுடையதைப் பிடுங்கி அதில் செருகினேன். சாவி முன்னே தள்ளியபடியே இருந்தது.

“ஏம்மா, நான் அப்படியா பாடுவேன்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார் ஐஸ் கம்பெனிக்காரர்.

அவர் ஒரு வரி எழுதிப் போட்டால் போதும், அக்காவுக்கு வேலை போய்விடும். ஆனால் அவர் கோபமாகப் பேசவில்லை. “சளி உள்ளதுதான், அத விடுங்க. இந்த வெங்காயப் பாட்டு கொஞ்ச நாளாவே என் காதுல விழுது. ரேடியோவுல கேட்டதில்லயே, அது என்ன பாட்டு?” என்றார். கொஞ்ச நாளாகவே என்றால், சாவி மறந்தது அன்று மட்டும் இல்லை. அந்தப் பாட்டு வந்த நாளிலிருந்து அக்கா தவற ஆரம்பித்திருக்கிறார். “நான் இங்கன ஒத்தையாத்தான் கெடக்கேன். கொச்சிக்காரன் வாரது வரைக்கும் சுவத்தப் பாத்துக்கிட்டு இருப்பேன். நீங்க பேசுதது எனக்கு ஒரு துணையா இருந்துச்சு. யாருட்டயும் சொல்லமாட்டேன்” என்றார். பிறகு தயங்கி, “நான் ஒரு வாட்டி பாடிப் பாக்கட்டுமா?” என்று கேட்டார்.

அக்கா சாவியை இழுத்திருக்க வேண்டும். மன்னிக்கவும், லைனில் இருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். “பாடுங்க” என்றார்.

அவர் பாடினார். நாங்கள் இத்தனை நாள் வாயால் பாட வைத்த ஊரில், நிஜமாகவே பாடியவர் அவர் ஒருவர்தான். பாட்டு மோசம். சுருதி இல்லை, மூக்கு வேறு அடைத்திருந்தது. மூன்றாவது வரியை ஒரே மூச்சில் ஓட்டிவிட்டு, “மட்டும்” என்ற இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். அக்காவின் புருவம் சுருங்கியது. “அங்க இல்ல” என்றார். பார்ட்டியிடம் பேசும் குரலை விட்டுவிட்டு, என்னிடம் பேசும் குரலில் பேசினார். “காத்துக்குப் பொறவு மூச்சு விடணும். காத்துன்னு சொல்லிட்டு நிக்கணும், காத்து வரட்டும்னு நிக்க மாதிரி. பொறவுதான் திரும்புறது.”

“காத்து” என்று பாடி நிறுத்தினார் அவர். லைனில் இரைச்சல் மட்டும் கேட்டது. “இல்ல, அவுகளுக்கு இன்னும் கனமா இருக்கும்” என்று அக்கா முணுமுணுத்தார். “அடித்தொண்டையில கொஞ்சம் மணலு கெடக்க மாதிரி. முடிக்கும்போது லேசாச் சிரிப்பு வந்துரும், தாயேங்கது பாதிதான் கேக்கும்...” அதோடு நின்றுவிட்டார். வாய் திறந்தபடி இருந்தது. கண்கள் போர்டையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

“வந்துட்டு ஏளா” என்றார். “வந்துட்டு.”

ஹெட்செட்டைக் கழற்றினார். அது கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. என் காதில் யாரோ ஒரு பெண் “கொச்சி, ஹலோ, கொச்சி” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அக்கா குனிந்து ஹெட்செட்டை எடுத்து மாட்டினார். கொம்பைச் சரிசெய்தார். ஒரு பிசிறும் இல்லாத குரலில், “கொச்சி லைன் கிடைத்துவிட்டது, பேசுங்கள்” என்றார். சாவியை நடுவுக்கு இழுத்தார். அதன் பிறகுதான் அழுதார்.

அதைப் பற்றி நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அக்காவுடைய கணவர் குரலைப் போல இருக்கும் ஒரு குரலைத் தேடி நாங்கள் ஊரையே சலித்தோம். கடைசியில் அதைக் கொண்டுவந்தது, அவர் குரலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு குரல். யாரோ ஒருவர் தவறாகப் பாடினால்தான் சரியானது எதுவென்று சொல்ல வாய் வருகிறது. நானும்தான் தவறாகப் பாடினேன், ஆனால் அது அக்காவுக்குப் பழகிப்போன குரல். முன்பின் தெரியாத ஒரு மனிதர், முழு மனதோடு, தவறாகப் பாட வேண்டியிருந்தது.

எங்கள் சூப்பர்வைசர் சாரால் தன் மேஜையிலிருந்து எந்த போர்டையும் ஒட்டுக்கேட்க முடியும். அன்று கேட்டாரா என்று அவர் சொல்லவே இல்லை. மறுநாள் காலை ஐஸ் கம்பெனி லைனை மூன்றாம் போர்டிலிருந்து எடுத்து என் போர்டுக்கு மாற்றியிருந்தார், அவ்வளவுதான். மெமோ இல்லை, விசாரணை இல்லை. “சாரு நல்ல மனுசன்” என்று மட்டும் சொன்னார் அக்கா. ஐஸ் கம்பெனிக்காரர் ஒவ்வொரு நாளும் நம்பர் சொல்வதற்கு முன்னால், “அந்தம்மா நல்லா இருக்காகளா?” என்று கேட்பார். “லைனில் இருங்கள்” என்பேன். அந்த இரண்டு சொல்லுக்குள் முடிந்தவரை நல்ல செய்தியாகத் தொனிக்கப் பார்ப்பேன். புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன். சில மாதங்களுக்குப் பிறகு அந்த லைனில் வேறு ஒருவர் பேசினார். சளியே இல்லாத குரல். எங்கள் சட்டப்படி, பழையவரின் முகத்தை நாங்கள் கடைசிவரை பார்க்கவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு அக்காவோடு நானும் ஆலந்தலைக்குப் போனேன். எங்கள் புராட்டஸ்டன்ட் சபையில் மரித்தவர்களுக்கென்று பூசை வைக்கிற வழக்கம் இல்லை. எப்போது எழுந்து நிற்பது, எப்போது முழங்காலிடுவது என்று தெரியாமல் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். மாமியாரை நாற்காலியோடு தூக்கிவந்து முன்னால் உட்காரவைத்திருந்தார்கள். மகன் பெயரைப் பங்குச் சாமியார் வாசித்தபோது அந்த அம்மாள் தலையை மட்டும் அசைத்தார். வெளியே வந்து, கல்லறைத் தோட்டத்துச் சுவர் நிழலில், மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, “எப்படி உனக்கு மனசு வந்துச்சு?” என்று கேட்டார்.

“அவுக பாடுனாக மாமி. கேட்டுட்டேன்” என்றார் அக்கா.

கிழவி அதை விசித்திரமாக எடுத்துக்கொள்ளவே இல்லை. “என்ன பாட்டு?” என்றார். அக்கா அவர் காதருகே குனிந்து பாடினார். காத்து என்று சொல்லி நின்றார், மூச்சு விட்டார், பிறகு திரும்பினார். கடைசிச் சொல்லைப் பாதியில் சிரிப்பாக விழுங்கினார். மகன் இப்படி ஒரு பாட்டுக் கட்டியது தாய்க்குத் தெரியாது போலும். “கழுதப்பய” என்று கிழவி சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். “எம்பிள்ள சத்தம் மாதிரியே இருக்கு” என்றார். எனக்குக் கேட்டது அக்காவின் குரல்தான்.

அக்கா வெள்ளைச் சேலையில் வேலைக்குத் திரும்பினார். முகத்தில் ஒரு தெளிவு. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், பட்டேன். ஆனால் விளையாட்டு முடிந்துபோனது. உப்பு முதலாளி ஒரு நாள் வழக்கத்தைவிடப் பெரிதாகக் கத்தியபோது, “அக்கா, இவருக்கு என்ன பாட்டுக் கொடுக்கலாம்?” என்று ஆசையோடு கேட்டேன். “இனி எதுக்கு ஏளா?” என்று சிரித்துவிட்டு போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தேடியது அவருக்குக் கிடைத்துவிட்டது. எனக்கு அந்த விளையாட்டே தேவையாக இருந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லவும் இல்லை. அடுத்த வருஷம் மாற்றல் வாங்கிக்கொண்டு திருச்செந்தூர்ப் பக்கம் போனார். கிறிஸ்துமஸுக்குக் கார்டு போடுவார். பிறகு கார்டு நின்றது. போய்விட்டார் என்று கேள்விப்பட்டபோது அடக்கமே முடிந்திருந்தது.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தூத்துக்குடியிலேயே தங்கிவிட்டேன். இப்போது யாரும் யாரையும் சேர்த்துவைக்கத் தேவையில்லை. எண்ணை அழுத்தினால் உலகத்தின் மறுகோடி பேசுகிறது. என் கைபேசி பெரும்பாலும் பேசுவதில்லை. பேசினால் லோன் வேண்டுமா என்று கேட்கிறது. தங்கை மகன் ஊருக்குப் போன அன்று சாயங்காலம், அவன் கேட்ட கேள்வி மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. யார் குரல் வேண்டும்? அக்காவின் குரலை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. சொன்னதெல்லாம் வார்த்தை தவறாமல் ஞாபகம் இருக்கிறது. இதோ இங்கே எழுதியும் வைத்துவிட்டேன். எல்லாம் என் குரலில்தான் கேட்கிறது. அன்று சாப்பாட்டு அறை ஜன்னலில் அவர் எதைச் சொன்னார் என்பது எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. பயமாகவும் இருந்தது.

அலமாரியைத் திறந்து ஹெட்செட்டை எடுத்தேன். தூசியைத் துடைத்துத் தலையில் மாட்டிக்கொண்டேன். எந்த போர்டிலும் செருகாத வயர் மடியில் கிடந்தது. உப்பு முதலாளி மாதிரிக் கத்திப் பார்த்தேன், முத்துக்காரர் மாதிரிக் கிசுகிசுத்தேன், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஐஸ் கம்பெனிக்காரராகவும் பாடினேன். காலி வீட்டில் ஒரு கிழவி இப்படிச் செய்வதை யாராவது பார்த்திருந்தால் தங்கை மகனுக்குப் போன் போட்டிருப்பார்கள். கடைசியில் யார் மாதிரியும் இல்லாமல், என் நடுங்குகிற குரலில், வெங்காயப் பாட்டைப் பாடினேன். வயது ஆகிவிட்டது, மூச்சு தாங்கவில்லை. மூன்றாவது வரியின் முடிவில், “மட்டும்” என்ற இடத்தில், இளைத்துப்போய் நின்றேன்.

“அங்க இல்ல ஏளா” என்றது விரிசல் விட்ட அந்தக் காது மூடி. “காத்துக்குப் பொறவு.”

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து பாடினேன்.